பம்பு
திரவத்தைத் தாழ்விலிருந்து உயரத்திற்கோ, குறைந்த அழுத்தத்திலிருந்து மிகுந்த அழுத்தத்திற்கோ செலுத்தும் யந்திரம். இது பிரதானமாக இருவகைப்படும். உருளையினுள் முன்னும் பின்னும் இயங்கும் பிஸ்டனையுடைய பம்பு, ஒவ்வொரு வீச்சிலும் ஏறத்தாழ ஒரே அளவு திரவத்தை வால்வுகளின் வழியே தள்ளுவதால், எதிரழுத்தம் மிகினும் அதன் வெளிப்பாடு அதிகம் குறைவதில்லை. பிசுபிசுப்பான எண்ணெய்களுக்கு உகந்த பற்சக்கரப் பம்பும் இவ்வினத்ததே. மையவிலக்குப் பம்பிலோ, சுழலும் சக்கரம் திரவத்திற்கு வேகமளிக்க, படிப்படியாக விரியும் சுருள்கூடு அவ்வேகத்தை அழுத்தமாக மாற்றுகிறது. இடையறாது மிகுந்த நீரைத் தரும் இது, ஏற்றவேண்டிய உயரம் கூடக்கூடக் குறைவாகவே இறைக்கும். உறிஞ்சுதல் உண்மையில் வாயுமண்டல அழுத்தத்தின் காரியமேயாதலால், கடல்மட்டத்தில் எப்பம்பும் ஏறத்தாழ 10.3 மீட்டருக்கு மேல் நீரை உறிஞ்சி உயர்த்தாது. அதனாலேயே ஆழ்துளைக் கிணறுகளில் பம்பு நீருக்குள்ளேயே இறக்கப்படுகிறது.