ஜூரிச் நகரத்தில் மரக்கறி

ஜெர்மனியில் சமயச் சீர்திருத்தம் எப்படித் தொடங்கியது என்று கேட்டால், 1517-ல் லூதர் எழுதிய தொண்ணூற்றைந்து வாதங்களைச் சொல்வார்கள். ஸ்விட்ஜர்லாந்தில் எப்படித் தொடங்கியது என்று கேட்டால் அவ்வளவு கம்பீரமாகப் பதில் சொல்ல முடியாது. அங்கே அது சாஸேஜில் தொடங்கியது. குடலுக்குள் கொத்துக்கறியை அடைத்துப் புகையில் உலர்த்துகிறார்களே, அந்தப் பண்டம்.

1522-ம் வருஷம், மார்ச் மாதம். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் நோன்பின் முதல் ஞாயிற்றுக்கிழமை. ஜூரிச்சில் அச்சகம் வைத்திருந்த கிறிஸ்டோப் புரோஷவர் என்பவர் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினார்கள். இரண்டு சாஸேஜ்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டுக்கொண்டார்கள். நகரத்துப் பெரிய கோயிலின் பாதிரியார் உல்ரிச் ஸ்விங்ளியும் கூட இருந்தார். அவர் மட்டும் தொடவில்லை. ஆனால் தொடாத அந்த மனிதர்தான் இரண்டு வாரம் கழித்துப் பிரசங்க மேடையில் ஏறித் தின்றவர்களுக்காகப் பரிந்து பேசினார். நோன்பிருக்க விரும்புகிறவன் இருக்கட்டும், இறைச்சி வேண்டாம் என்கிறவன் தின்னாமல் இருக்கட்டும். அதை விதியாக்கி அடுத்தவன் தலையில் கட்ட வேதத்தில் இடமில்லை என்பது அவர் வாதத்தின் சாரம். மறு மாதமே அந்தப் பிரசங்கம் புத்தகமாக வந்துவிட்டது. அச்சிட்டவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புரோஷவர் நகரசபைக்குச் சொன்ன சமாதானம் எனக்கு ஸ்விங்ளியின் பிரசங்கத்தைவிடப் பிடித்திருக்கிறது. பிராங்க்பர்ட் சந்தைக்குள் புத்தகத்தை முடித்தாக வேண்டும். இரவு பகல், நாள் கிழமை பாராமல் வேலை நடக்கிறது. கூழைக் குடித்துக்கொண்டு இவ்வளவு உழைக்க முடியாது. மீன் வாங்கவோ எந்நேரமும் கட்டுப்படியாகாது. அச்சகத்துக்காரர்களோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் குரலில் கலப்படம் இல்லை. வேதாந்தம் பேசுகிறவர்கள் ஆயிரம் பேசலாம். கெடு நெருங்கிவிட்ட அச்சகத்தின் பசி வேறு ஜாதிப் பசி.

இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அந்த நாள் நோன்பு இறைச்சியோடு நிற்கவில்லை. பாலும் வெண்ணெயும் பாலடைக்கட்டியும் முட்டையும்கூட விலக்கு. மீன் மட்டும் ஆகும். குளிர்நாட்டில் ஆலிவ் எண்ணெய் ஏது? ஆகவே வெண்ணெய் தின்ன அனுமதி கேட்டுத் திருச்சபைக்குப் பணம் கட்டினார்கள். பிரான்ஸில் ரூவான் நகரத்துப் பெரிய கோயிலில் ஒரு கோபுரத்துக்கு 'வெண்ணெய்க் கோபுரம்' என்றே பெயர். அப்படிக் கட்டிய பணத்தில் எழுந்தது என்று சொல்லுகிறார்கள். ஆக, அந்த மீனை மட்டும் எடுத்துவிட்டால், இன்று 'வீகன்' என்று சொல்லுகிற உணவு ஜூரிச் நகரத்தில் ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் வருஷத்தில் நாற்பது நாள் சட்டமாகவே இருந்திருக்கிறது. சட்டம் போன பிறகு அது ஊரைவிட்டே போய்விட்டது.

நான் இதையெல்லாம் தேடிப் படித்ததற்குக் காரணம் என் தங்கை மகள். அவள் ஜூரிச்சில் படிக்கிறாள். போன அக்டோபரில் பத்து நாள் அவளிடம் போய்த் தங்கினேன். பாலைத் தொட்டு நாலு வருஷமாகிறது அவளுக்கு. தயிர் கிடையாது, நெய் கிடையாது, தேனும் கிடையாது. காலையில் டிகிரி காப்பியின் வாசனையில் கண் விழிக்கிற குடும்பத்தில் பிறந்த பெண்! பாலும் பாலடைக்கட்டியும் ஆறாக ஓடுகிற தேசத்துக்குப் போய் இந்த விரதமா என்று நான் கேட்டேன். 1875-ல் தானியல் பீட்டர் என்பவர் சாக்லேட்டில் பாலைக் கலந்து உலகத்துக் குழந்தைகளை மயக்கியது இந்த நாட்டு வெவே என்ற ஊரில்தானே?

"நீங்க சைவமா இருக்கிறது தாத்தா வெச்சுட்டுப் போன சொத்து மாமா. இது நான் சம்பாதிச்சது" என்றாள் அவள்.

இதற்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. நம் ஊரில் மரக்கறி உணவு பல வீடுகளில் வயிற்றைப் பற்றிய விஷயமே அல்ல. யாரோடு உட்காரலாம், யாரோடு உட்காரக் கூடாது என்பதைப் பற்றிய விஷயம். 1957-ல் சென்னையில் ஹோட்டல் போர்டில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லை எடுக்கச் சொல்லிப் பெரியார் கிளர்ச்சி நடத்த வேண்டியிருந்தது. ஆட்டின் மேல் இரக்கம் கொண்டா அந்தப் போர்டை மாட்டினார்கள்?

ஜூரிச்சில் மரக்கறி திரும்பி வந்த கதை வேறு மாதிரி. அது வியாதியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. மாக்ஸ் பிர்ஷெர்-பென்னர் என்ற டாக்டர் அங்கே வைத்தியம் பார்த்து வந்தார். பச்சைக் காய்கனிகளில்தான் உயிர்ச்சத்து முழுமையாக இருக்கிறது, சமைக்கச் சமைக்க அது குறைகிறது, இறைச்சியில் ஒன்றுமே இல்லை என்பது அவர் கட்சி. 1900-ல் நகரத்து மருத்துவர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது, விஞ்ஞானத்தின் எல்லையைத் தாண்டிப் போய்விட்டீர் என்று சொல்லிவிட்டார்கள். அவர் அசரவில்லை. 1904-ல் ஜூரிச் மலைச்சரிவில் ஓர் ஆரோக்கிய விடுதி கட்டினார். விடியற்காலையில் எழுந்து நடக்க வேண்டும். இரவு சீக்கிரம் விளக்கை அணைக்க வேண்டும். 1909-ல் நாவலாசிரியர் தாமஸ் மான்கூட அங்கே போய்க் கிடந்தார். எழுத்தாளனை ஒன்பது மணிக்குத் தூங்க வைக்கும் எந்த வைத்தியத்தையும் நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

அந்த டாக்டர் தந்ததுதான் இன்று உலகமெல்லாம் பெட்டியில் விற்கிற 'மூஸ்லி'. அவருடைய மூஸ்லிக்கும் பெட்டி மூஸ்லிக்கும் சம்பந்தம் குறைவு. ஒரு ஸ்பூன் ஓட்ஸைத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறப்போட வேண்டும். ஆப்பிளைத் தோலோடும் விதையோடும் துருவிப் போட வேண்டும். எலுமிச்சம்பழச் சாறு, பொடித்த பருப்பு. கடைசியில் ஒரு ஸ்பூன் டப்பாப் பால்! சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சிய பால். பச்சைப் பாலில் க்ஷயரோகக் கிருமி இருக்கக்கூடிய காலம் அது. இயற்கை இயற்கை என்று முழங்கிய மனிதர் பால் விஷயத்தில் மட்டும் தொழிற்சாலையை நம்பியிருக்கிறார்.

அவரிடம் போன நோயாளிகளில் அம்ப்ரோஸியஸ் ஹில்ட்ல் என்ற தையற்காரரும் ஒருவர். பவேரியாவிலிருந்து பிழைக்க வந்தவர். சாஸேஜ் நறுக்கிய புரோஷவரும் பவேரியாக்காரர்தான் என்பது ஒரு வேடிக்கை. மூட்டுகளில் வாதம் கண்டு ஊசி பிடிக்க முடியாமல் போயிற்று. இறைச்சியை விடு என்றார் டாக்டர். விட்டுவிட்டு எங்கே போய்ச் சாப்பிடுவது? ஊரில் இருந்தது ஒரே இடம். 1898-ல் சாராயமும் இறைச்சியும் இல்லாமல் திறந்திருந்த ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை. 'வேர்க்கிழங்குப் பதுங்குகுழி' என்று ஊரார் அதைக் கேலி செய்தார்கள். யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று பின்வாசல் வழியாக நுழைந்தவர்களும் உண்டாம். நம்மில் சிலர் முனியாண்டி விலாஸுக்குப் போன தினுசில் அங்கே காரட் தின்னப் போயிருக்கிறார்கள். தையற்காரருக்கு வாதம் குணமாயிற்று. 1903-04 வாக்கில் கடையே அவர் கைக்கு வந்தது. அங்கே சமைத்துக்கொண்டிருந்த மார்த்தா என்ற பெண்ணையே கலியாணமும் செய்துகொண்டார். சீல் தெருவில் அந்தக் கடை இன்றும் அவர் வமிசத்தாரிடம் இருக்கிறது. உலகத்திலேயே நீண்ட காலமாக நடக்கும் மரக்கறி உணவகம் என்று கின்னஸ் புத்தகத்தில் பதிவாகியிருக்கிறது.

நம் சம்பந்தம் இங்கேதான் வருகிறது. அந்தக் குடும்பத்து மருமகள் மார்கிரித் ஹில்ட்ல் 1951-ல் மரக்கறி மாநாடு ஒன்றுக்காக டில்லி வந்ததாகக் குடும்பத்தார் சொல்லுகிறார்கள். வந்தவள் நம் சமையலில் சொக்கிப்போய்த் திரும்பினாள். ஆனால் கொத்தமல்லிக்கும் சீரகத்துக்கும் மஞ்சளுக்கும் ஜூரிச்சில் எங்கே போவது? மருந்துக் கடையில்தான் கிடைத்தது. அல்லது பிரயாணம் போய் வரும் சிநேகிதர்கள் கொண்டுவர வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் சித்தரத்தை வாங்கி வளர்ந்த நமக்கு இது ஒன்றும் விசித்திரமல்ல. கடைச் சமையற்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவள் இந்திய விருந்தாளிகளுக்குத் தன் வீட்டு அடுப்பிலேயே சமைத்துப் போட்டாள்.

'வீகன்' என்ற சொல்லுக்கு வயது அதிகமில்லை. 1944 நவம்பரில், யுத்தத்தின் நடுவே, இங்கிலாந்தில் டொனால்ட் வாட்ஸன் என்ற தச்சுவேலை வாத்தியார் தொடங்கிய சின்னஞ்சிறு பத்திரிகையில் பிறந்தது. 'வெஜிடேரியன்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் ஒட்டிச் செய்தது. சந்தாதாரர்கள் இருபத்தைந்து பேர். மலையும் ஏரியுமான கெஸ்விக் என்ற ஊரில் குடியேறி, குன்று குன்றாக நடந்து, 2005-ல் தொண்ணூற்றைந்து வயதில் காலமானார் மனிதர்.

ஜூரிச்சும் நடக்கிறவர்களின் ஊர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கிழவர்கள்கூட முதுகில் பையும் கையில் தடியுமாகப் புறப்பட்டுவிடுகிறார்கள். ஊட்லிபெர்க் என்ற குன்றுக்கு நாங்களும் போனோம். உயரம் எண்ணூற்றெழுபது மீட்டர். 1875 முதல் ரெயில் உண்டு. அவள் ஏற விடவில்லை, நடத்தியே கூட்டிப்போனாள். மேலேயிருந்து ஏரி நீலமாக நீண்டு கிடந்தது. அதற்கப்பால் பனி மலைகள். பார்த்துக்கொண்டே நிற்கலாம், பசி இல்லாவிட்டால். வழியிலிருந்த விடுதியில் உருளைக்கிழங்கைத் துருவிச் சுட்ட 'ரோஸ்டி' இருந்தது. வெண்ணெயில் சுட்டது. சூப்பில் பால். பின்னல் ரொட்டியில் பாலும் வெண்ணெயும். 'மில்க்' என்ற அந்த நாட்டுச் சொல்லை மட்டும் நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன். எந்த அட்டையைத் திருப்பினாலும் அது இருந்தது. கடைசியில் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். புளியோதரை! மாவும் தண்ணீரும் உப்புமாகச் செய்த கறுப்பு ரொட்டி கொஞ்சம், பாதையோரத்தில் வறுத்து விற்ற செஸ்ட்நட் கொட்டை ஒரு பொட்டலம். திரும்பி வந்த பிறகு தெருக்குழாயில் தண்ணீர். ஜூரிச்சில் ஆயிரத்து இருநூறுக்கு மேல் நீரூற்றுகள். குடிக்கலாம், காசு இல்லை.

அன்று இரவு சீல் தெருக் கடைக்குப் போனோம். வரிசையாகப் பண்டங்கள், வேண்டியதை எடுத்துத் தட்டைத் தராசில் வைத்தால் எடைக்குக் காசு. ஐரோப்பியப் பண்டங்களை அவள் தைரியமாக எடுத்தாள். இந்தியப் பண்டங்களுக்கு முன்னால்தான் தயங்கி நின்று சிப்பந்தியைக் கூப்பிட்டு, "இதில் நெய் உண்டா? இதில் தயிர்?" என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். சிப்பந்தி முகம் கோணாமல் இது ஆகும், இது ஆகாது என்று சுட்டிக் காட்டினான். நான் ஆகாததையெல்லாம் என் தட்டில் போட்டுக்கொண்டேன். தராசு முள் என்னுடையதற்குக் கொஞ்சம் அதிகமாகவே காட்டியது. அவள் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் சேர்த்துப் பணத்தைக் கட்டிவிட்டு ஜன்னலோரமாக இடம் பார்க்கப் போனாள்.