பாட்டும் படையும் – 11: பெயர் சொல்லாத பாட்டு

சென்ற வாரம் திருவதிகையில் நிறுத்தினோம். பல்லவனின் அமைச்சர்கள் சேனையோடு வந்து நிற்கிறார்கள். மன்னன் கூப்பிடுகிறான், கிளம்பு என்கிறார்கள். அப்பர் வாயைத் திறக்கிறார்.

வந்தது வசவு இல்லை, பாட்டு. சிவனைத் தவிர எவனுக்கும் நாங்கள் ஆள் இல்லை என்று அடித்துச் சொல்லும் மறுமாற்றத் திருத்தாண்டகம். பதிகம் முழுக்கத் தேடினாலும் அந்த மன்னனின் பெயர் கிடைக்காது. பெயரைச் சொல்லாமலேயே அவனை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டார். பண்ருட்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து பொடிநடையாகப் போய்விடும் தூரத்தில், கெடிலக்கரையில் நடந்த கதை இது.

இனி ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளைத் தாண்டுவோம். இங்கும் ஒரு பாட்டு, அதிலும் எந்தப் பெயரும் இல்லை. ஆனால் காரணம் வேறு.

2002 பிப்ரவரி 14. மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ திரைக்கு வந்தது. தான் தத்துப்பிள்ளை என்று ஒன்பதாவது பிறந்தநாளில் தெரிந்துகொள்ளும் அமுதா, பெற்றவளைத் தேடி ஈழத்தின் போர்முனைக்கே போகிறாள். அன்றைய தமிழ்நாட்டில் இது கத்திமேல் நடக்கிற காரியம். 1991-ல் ஸ்ரீபெரும்புதூர், 1992-ல் புலிகள் மீது தடை. அதற்குப் பிறகு பத்தாண்டுகளாக ஈழம் என்ற சொல்லையே சினிமா பெரும்பாலும் தள்ளி வைத்திருந்தது.

வைரமுத்துவும் ரகுமானும் அந்தப் படத்துக்காகச் செய்த பாடல்களில் இரண்டு, போரைப் பற்றியவை. ஒன்று ‘விடை கொடு எங்கள் நாடே’. மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுக் கிளம்பும் கூட்டத்தின் பாட்டு. எழுபது வயதைக் கடந்த எம்.எஸ்.விஸ்வநாதனை அழைத்து அதைப் பாட வைத்தார் ரகுமான். அந்தக் குரல் நடுங்கும் இடத்தில் யாருடைய ஊர், எந்தக் கடற்கரை என்று கேட்பவருக்குத் தெரிந்துவிடும்.

மற்றது ‘வெள்ளைப் பூக்கள்’. இதை ரகுமானே பாடினார். உரக்கப் பேசக்கூடத் தயங்கும் குரல். உலகம் முழுக்க அமைதி வேண்டும் என்கிறது பாட்டு. எந்த நாடு, எந்தப் படை, யார் சுட்டது, யார் செத்தது, எதுவும் கிடையாது. கொழும்பில் போட்டாலும் கிளிநொச்சியில் போட்டாலும் டெல்லியில் போட்டாலும் யாரும் முகம் சுளிக்க முடியாது. அதுதான் அந்தப் பாட்டின் பலம். என்னைக் கேட்டால், சங்கடமும் அதுதான்.

படம் வந்து எட்டே நாள். பிப்ரவரி 22-ல் நார்வே நடுவில் நிற்க, ரணில் விக்ரமசிங்கேவுக்கும் பிரபாகரனுக்கும் இடையே போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏப்ரலில் ஏ-9 சாலை திறந்தது. குறிஞ்சிப்பாடிப் பக்கம் அம்பலவாணன்பேட்டை முகாமிலும், தமிழ்நாட்டின் மற்ற முகாம்களிலும், ஊருக்குத் திரும்புவது பற்றி வாய்விட்டுப் பேசக்கூடிய காலம் வந்தது. பாட்டு பலித்துவிட்டது என்று நினைக்காதவர்கள் குறைவு. ஆறு தேசிய விருதுகள் வேறு. இசைக்கு ரகுமானுக்கு ஒன்று, வரிகளுக்கு வைரமுத்துவுக்கு ஒன்று.

ஆனால் அதே ஆண்டு அக்டோபர் 12-ல், அதே திரையுலகம் நம் பக்கத்து ஊரான நெய்வேலியில் வந்து திரண்டது. காவிரித் தண்ணீர் தராத கர்நாடகத்துக்கு நெய்வேலி மின்சாரம் போகக்கூடாது என்று பாரதிராஜா தலைமையில் முழக்கம். தண்ணீர்ச் சண்டையில் எதிராளியின் பெயரைத் தொண்டை கிழியச் சொல்ல நம் கலைஞர்களுக்குத் தெரியும். குண்டு விழுந்த ஊரைப் பற்றிப் பாடும்போது மட்டும் பூ போதும் என்று தோன்றிவிட்டது.

பெயரைச் சொல்லிப் பாடினால் என்ன ஆகும்? அதைக் காட்டப் போகிறவள் அப்போது லண்டனில் இருந்தாள்.

மாதங்கி அருட்பிரகாசம். வீட்டில் மாயா, உலகத்துக்கு எம்.ஐ.ஏ. 1975-ல் லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போருக்கு நடுவில் வளர்ந்து, 1986-ல் அகதியாக மறுபடி லண்டன் வந்தவர். அப்பா அருளர், ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். மகளின் முதல் ஆல்பத்துக்கு அப்பா பெயர், இரண்டாவதற்கு அம்மா கலாவின் பெயர். 2004-ல் வந்த ‘சன்ஷவர்ஸ்’ பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருகிறது. அதை எடு என்றது எம்.டி.வி. மாட்டேன் என்றார் மாயா. 2006-ல் அமெரிக்க விசா இழுபறியானது. சென்னைக்கு வந்து உறுமிக்காரர்களை உட்கார வைத்து ஒலிப்பதிவு செய்தார். ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டில் பல்லவிக்குள்ளேயே துப்பாக்கிச் சத்தம் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சி அந்தச் சத்தத்தை அழுத்திவிட்டுத்தான் ஒளிபரப்பியது. ஆனாலும் 2008-ல் பில்போர்டு பட்டியலில் நான்காம் இடம் வரை ஏறியது.

அதற்குள் இலங்கையில் ஒப்பந்தம் செத்துவிட்டது. 2008 ஜனவரியில் அரசு அதிலிருந்து விலகிக்கொண்டது. 2009 ஜனவரி 2-ல் கிளிநொச்சி விழுந்தது. அதே ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில் உட்கார்ந்து, நடப்பது இனப்படுகொலை என்றார் மாயா. பயங்கரவாதத்தின் ஊதுகுழல் என்ற பட்டம் உடனே வந்து சேர்ந்தது. பிப்ரவரி 8-ல் நிறைமாத வயிற்றோடு கிராமி மேடையில் பாடினார். மூன்றாம் நாள் மகன் பிறந்தான்.

பெயர் சொல்லாதவரையும் பெயர் சொன்னவரையும் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ ஏற்கெனவே ஒரே பாட்டில் சேர்த்திருந்தது. ‘ஓ... சாயா’ ரகுமானும் மாயாவும் சேர்ந்து செய்தது. ஆஸ்கருக்கு அது முன்மொழியப்பட்டது. விருது விழா 2009 பிப்ரவரி 22. போர்நிறுத்தம் கையெழுத்தாகிச் சரியாக ஏழு ஆண்டு.

பச்சை உடம்புக்காரி மாயா மேடைக்கு வரவில்லை. பாட்டை ரகுமான் பாடினார். பின்னணி இசைக்கான விருதை அதற்கு முன்பே வாங்கி, தமிழிலும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தார். அடுத்தது சிறந்த பாடல். ‘ஜெய் ஹோ’ என்று அறிவித்தார்கள். இரண்டாவது முறையாக மைக் முன்னால் வந்து நின்றார் ரகுமான்.

அந்த நேரத்தில் வன்னியில், நாளுக்கு நாள் குறுகிக்கொண்டே வந்த ஒரு கடலோரத் துண்டு நிலத்தில் லட்சக்கணக்கானவர்கள் அடைபட்டுக் கிடந்தார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்த அந்த மேடையில், தன் வாழ்நாளெல்லாம் இரண்டு வழிகள் முன்னால் இருந்தன என்றார் ரகுமான்.

எந்த இரண்டு? எதை எடுத்துக்கொண்டார்? அந்தச் சின்னஞ்சிறு பேச்சில் வன்னிக்கு இடம் இருந்ததா?

(அடுத்த வாரம்)