பிட்ஸ்பர்க்: வாழ்க்கைச் செலவு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், அலகெனி, மனோங்ககேலா ஆறுகள் கூடி ஒகையோ ஆறாகப் புறப்படும் முனையில் அமைந்த நகரம் பிட்ஸ்பர்க். 1950இல் 6,76,806 பேர் வாழ்ந்த ஊர் இது. 2020 கணக்கெடுப்பில் 3,02,971 பேர்தான் இருந்தார்கள். மக்கள் போனார்கள், வீடுகள் மிஞ்சின. நடுத்தர அளவுள்ள அமெரிக்க நகரங்களில் வீடு மலிவாகக் கிடைக்கும் ஊர் என்று பிட்ஸ்பர்க் பெயர் வாங்கியதற்கு முதல் காரணம் அதுதான்.

ஆலைக் காலத்துக் குடும்பக் கணக்கு

ஒரு தொழிலாளர் குடும்பம் எதற்கு எவ்வளவு செலவிட்டது என்பது நூறாண்டுக்கு முன்பே நுணுக்கமாகப் பதிவான அமெரிக்கப் பகுதிகளில் பிட்ஸ்பர்க் வட்டாரமும் ஒன்று. ரஸ்ஸல் சேஜ் அறக்கட்டளையின் பண உதவியோடு 1907இல் ‘பிட்ஸ்பர்க் ஆய்வு’ தொடங்கியது. அதன் பகுதியாக மார்கரெட் பையிங்டன், நகர எல்லையை ஒட்டிய ஹோம்ஸ்டெட் என்னும் எஃகு ஆலை ஊரில் 90 குடும்பங்களின் வரவு செலவைத் திரட்டினார். அவருடைய நூல் 1910இல் வெளிவந்தது. லூயிஸ் ஹைன் எடுத்த படங்களும் அதில் உண்டு.

பையிங்டன் குடும்பங்களை இரண்டு விதமாகப் பிரித்தார். ஒன்று பூர்வீகத்தை வைத்து: ஸ்லாவியர், ஆங்கிலம் பேசும் ஐரோப்பியர், அமெரிக்காவில் பிறந்த வெள்ளையர், கறுப்பினத்தவர். மற்றொன்று வாரச் செலவை வைத்து: 12 டாலருக்குக் கீழே செலவிட்டவர்கள் தொடங்கி 20 டாலரும் அதற்கு மேலும் செலவிட்டவர்கள் வரை. சாதாரணக் கூலியாளுக்கு மணிக்குப் பதினாறரை சென்ட். 10 மணி நேரம் உழைத்தால் 1 டாலர் 65 சென்ட். ஆறு நாள் வேலை கிடைத்தால் 9 டாலர் 90 சென்ட். ஆகவே அவன் கூலியை மட்டும் நம்பிய குடும்பம் மிகக் கீழ்ப் படியைத் தாண்டவே முடியாது.

இந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டியது வீட்டுக்காரியின் உழைப்பு. ஸ்லாவியக் குடும்பங்கள் ஒன்றிரண்டு அறையே இருந்தாலும் தனி ஆண்களைத் தங்கவைத்துச் சமைத்துப் போட்டன, துணி துவைத்துக் கொடுத்தன. பகல் ஷிப்ட் முடிந்து வருபவன் படுக்கும் கட்டிலில் இருந்து எழுந்து மற்றொருவன் இரவு ஷிப்டுக்குப் போவான். மெத்தை ஆற நேரமில்லை. பல குடும்பங்களுக்கு முற்றத்தில் பொதுவாக ஒரே ஒரு குழாய். துவைக்கவும் சமைக்கவும் வேண்டிய தண்ணீர் முழுவதையும் அங்கிருந்தே சுமக்க வேண்டும். ஆலையின் 12 மணி நேர ஷிப்ட் 1923இல்தான் முடிவுக்கு வந்தது.

நிலத்துக்கு ஒரு வரி, கட்டடத்துக்கு ஒரு வரி

அக்காலத்தில் நகர நிலத்தில் பெரும் பரப்புகள் சில குடும்பங்களின் கையில் இருந்தன. 1903இல் இறந்த மேரி ஷென்லி, இங்கிலாந்தில் குடியிருந்தபடியே பிட்ஸ்பர்க் மனைகளுக்குக் குத்தகைப் பணம் வாங்கிவந்தவர். நிலத்தைச் சும்மா வைத்திருப்பவர் அதிகமாகவும், கட்டடம் எழுப்புபவர் குறைவாகவும் வரி கட்டட்டும் என்ற பொருளியல் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜின் கருத்து இத்தகைய ஊரில் எடுபட்டதில் வியப்பில்லை.

1913இல் மாநிலச் சட்டமன்றம் இதற்கு வழிசெய்தது. மறு ஆண்டு தொடங்கி, கட்டடத்தின் மீதான நகர வரி விகிதம் படிப்படியாக இறங்கி, 1925இல் நிலவரி விகிதத்தில் பாதி என்ற நிலைக்கு வந்தது. 1979இல் தொடங்கி நிலத்தின் பங்கு மேலும் ஏற்றப்பட்டு, பிற்பாடு கட்டட வரியின் ஐந்து மடங்குக்கு மேல் போனது. எஃகுத் தொழில் சரிந்த 1980களிலும் நகர மையத்தில் கட்டட வேலை நின்றுவிடாமல் இருக்க இந்த வரி துணை நின்றது. நகரம் அடங்கிய அலகெனி கவுண்டி நில மதிப்பை ஒரேயடியாக உயர்த்தித் திருத்தியதும் குடியிருப்போர் கொதித்தெழுந்தார்கள். 2001இல் இரட்டை விகிதம் கைவிடப்பட்டது.

வீடு

1930களின் தொடக்கத்தில் மவுண்ட் வாஷிங்டன் குன்றில் புல் அறக்கட்டளை ‘சேத்தம் வில்லேஜ்’ என்ற வாடகைக் குடியிருப்பைக் கட்டத் தொடங்கியது. எளியோருக்கென்று எண்ணப்பட்டது, கடைசியில் அலுவலக ஊழியர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 1950களில் கீழ் ஹில் வட்டாரம் இடிக்கப்பட்டபோது, பெரும்பாலும் கறுப்பினத்தவரான சுமார் 8,000 பேர் வீடிழந்தார்கள். அந்த இடத்தில் 1961இல் சிவிக் அரங்கம் எழுந்தது.

1980களில் பிட்ஸ்பர்க் வட்டாரம் முழுவதும் லட்சத்துக்கும் மேற்பட்ட ஆலை வேலைகள் போயின. ஹோம்ஸ்டெட் ஆலை 1986இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இன்று கடைவீதி. இளைஞர்கள் பிழைப்பைத் தேடி வெளியேற, செங்கல் வீடுகள் விலை போகாமல் கிடந்தன. 2020ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் நகர வீட்டின் இடைநிலை மதிப்பு 2 லட்சம் டாலரை எட்டவில்லை. பழைய வீடுகளின் நிலவறையில், தடுப்புச் சுவர்கூட இல்லாமல் தனியாக நிற்கும் கழிப்பறைக் கோப்பைக்கு ‘பிட்ஸ்பர்க் டாய்லெட்’ என்றே பெயர். இத்தகைய வீட்டை மலிவாக வாங்கலாம். குளிர்காலத்தில் சூடேற்றுவதும், கூரையையும் சாக்கடைக் குழாயையும் பழுதுபார்ப்பதும் அப்படியல்ல.

வரியும் கூலியும்

மாநில வருமான வரி எல்லோருக்கும் 3.07 சதவீதம். நகரவாசிகள் இதோடு நகரத்துக்கு 1, பள்ளிகளுக்கு 2 என மேலும் 3 சதவீதம் கட்டுகிறார்கள். பெரும்பாலான புறநகர்களில் இது 1 சதவீதமே. ஆண்டுக்கு 60,000 டாலர் சம்பாதிப்பவர் எல்லைக்கு உள்ளே இருந்தால் உள்ளூர் வரி 1,800 டாலர், வெளியே இருந்தால் 600. நகரின் பெரிய முதலாளிகளான மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் தங்கள் சொத்தின் பெரும்பகுதிக்கு வரி கட்டுவதில்லை. விற்பனை வரி 7 சதவீதம். துணிமணிக்கும் பெரும்பாலான மளிகைச் சாமான்களுக்கும் விலக்கு உண்டு. குறைந்தபட்சக் கூலி 2009இலிருந்து மணிக்கு 7 டாலர் 25 சென்ட்.

இன்றைய நிலை

கணினி நிறுவனங்கள் வந்தபின் நகரின் கிழக்குப் பக்கத்தில் வாடகை ஏறியுள்ளது. 2015இல் ஈஸ்ட் லிபர்ட்டியின் பென் பிளாசா குடியிருப்பில் 200க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். லாரன்ஸ்வில் பகுதியில் 20 வீடும் அதற்கு மேலும் உள்ள புதிய கட்டடங்களில் 10 சதவீதத்தைக் குறைந்த வருமானத்தினருக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி 2019இல் வந்தது.