ஜாக் பிளேட்

ஜாக் பிளேட் என்பது படகின் பின்பலகைக்கும் அவுட்போர்டு மோட்டாருக்கும் நடுவில் பொருத்தும் அலுமினியத் தாங்கி. இதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று பின்பலகையோடு அசையாமல் முடுக்கப்பட்டிருக்கும். மற்றது மோட்டாரைச் சுமந்துகொண்டு அதன்மேல் செங்குத்தாக ஏறி இறங்கும். மோட்டாரை முன்னும் பின்னும் சாய்க்கும் ‘ட்ரிம்’ அமைப்போடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ட்ரிம் கோணத்தை மாற்றும். ஜாக் பிளேட் உயரத்தை மாற்றும்.

அமெரிக்க ஏரிகளில் ‘பாஸ்’ மீனுக்குத் தூண்டில் போடும் விரைவுப் படகுகளில் இது சர்வசாதாரணம். கொங்கு நாட்டின் பவானிசாகர், ஆழியாறு, அமராவதி நீர்த்தேக்கங்களில் வலைக்கு வருவது கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி. பிடிக்கப் போவது பரிசலில். பரிசல் வட்டமானது, அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மோட்டார் மாட்டப் பலகையே கிடையாது. ஆனாலும் ஜாக் பிளேட் எந்தக் கேள்விக்காகப் பிறந்ததோ, அந்தக் கேள்வி கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான்: நீர்மட்டத்துக்கும் இயந்திரத்துக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கலாம்?

கிணற்று மோட்டாரும் படகு மோட்டாரும்

சப்மெர்சிபிள் வருவதற்கு முன்பு கிணற்று மேட்டில் சென்ட்ரிபியூகல் பம்பு ஓடிய காலம் நினைவிருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். காற்றழுத்தத்தின் தயவில் மட்டும் தண்ணீரை உறிஞ்சும் பம்பு, கணக்குப்படி 10.3 மீட்டர் வரை இழுக்கலாம். நடைமுறையில் 6, 7 மீட்டரைத் தாண்டினால் திணறும். அதனால் கோடையில் தண்ணீர் இறங்க இறங்க, மோட்டாரையும் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இருக்கும் திட்டுக்கு இறக்குவார்கள். மழை வந்தால் மூழ்குவதற்குள் மேலே ஏற்ற வேண்டும். ஃபுட் வால்வு தண்ணீருக்கு வெளியே தலைகாட்டினால் பம்பு ‘காற்று வாங்கும்’. மோட்டாரின் சத்தம் மெலிந்து வேகமெடுக்கும், வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டுத் துப்பும்.

படகின் புரொப்பல்லருக்கும் இதே நோய் வரும். மேலிருந்து காற்று உள்ளே புகுந்தால் இறக்கைகளுக்குப் பிடிமானம் போய்விடும். எஞ்சின் சுழற்சி எகிறும், படகு நகராது. இது ஒரு கோளாறு. இறக்கையின் முதுகில் அழுத்தம் மிகவும் குறைந்து, தண்ணீர் குளிர்ந்த நிலையிலேயே ஆவிக் குமிழாகி, அந்தக் குமிழ்கள் உடையும்போது உலோகத்தை அரிப்பது வேறு கோளாறு. அம்மை வார்த்ததுபோல் குழி விழுந்த பம்பு இம்பெல்லரைப் பட்டறையில் பார்த்தவர்களுக்கு இந்த இரண்டாவதும் தெரியும். அதற்குக் கேவிட்டேஷன் என்று பெயர். புரொப்பல்லருக்கு நேர்மேலே படுக்கையாக நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டைப் பலரும் ‘கேவிட்டேஷன் பிளேட்’ என்கிறார்கள். பெயர்தான் தவறு. அதன் வேலை மேற்பரப்புக் காற்று கீழே இறங்காமல் தடுப்பது. இக்கட்டுரையில் அது காற்றுத் தடுப்புத் தகடு.

உயரத்தால் கிடைப்பது

காற்றுக்குப் பயந்து மோட்டாரை ஆழமாக இறக்கிவிடலாமே என்று தோன்றும். இறக்கலாம், ஆனால் கியர் பெட்டி என்னும் கனத்த உலோகக் குமிழைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். வேகம் ஏற ஏற அந்த இழுவை, வேகத்தின் இருமடிக்கு நெருக்கமாகக் கூடுகிறது. மணிக்கு 10 கிலோமீட்டரில் போகும் படகு அதைக் கண்டுகொள்ளாது. 110-ல் போவதற்கு அதுவே பெரும் சுமை. எனவே காற்று வாங்காத எல்லைக்குள் எவ்வளவு மேலே தூக்க முடியுமோ அவ்வளவு தூக்குவது லாபம்.

ஓலே எவின்ரூட் 1909-இல் அவுட்போர்டு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்தில் இந்தக் கணக்குக்கெல்லாம் அவசியம் இல்லை. 1948-இல் ஸ்கீட்டர் என்ற முதல் பாஸ் படகும், 1968-இல் ஆர்கன்சாவில் ஃபாரஸ்ட் உட் தொடங்கிய ரேஞ்சர் படகுகளும் வந்து, போட்டி மீன்பிடிப்பு சூடுபிடித்து, மோட்டார்கள் 200, 250 குதிரைத்திறன் என்று பெருத்த பிறகுதான் கால் அங்குலத்துக்கும் மதிப்பு வந்தது. ஜாக் பிளேட் இல்லாத படகில் மோட்டாரின் தாங்கியில் முக்கால் அங்குல இடைவெளியில் துளைகள் இருக்கும். உயரம் மாற்ற 230 கிலோ எடையுள்ள மோட்டாரைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, போல்ட்டைக் கழற்றி, அடுத்த துளையில் மாட்ட வேண்டும். ஒரு சோதனைக்கு அரை நாள் போகும்.

ஜாக் பிளேட்டில் இரண்டு வகை. கைமுறைத் தட்டில் பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, நடுவிலுள்ள திருகைச் சுற்றி உயர்த்த வேண்டும். ஹைட்ராலிக் தட்டில் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பொத்தானை அழுத்தி ஐந்தாறு அங்குலம் வரை ஏற்றி இறக்கலாம். ஒரே ஆழத்தில், ஒரே சுமையோடு ஓடும் படகுக்குக் கைமுறைத் தட்டே தாராளம்.

தட்டு மோட்டாரைப் பின்னுக்கும் தள்ளுகிறது; பாஸ் படகுகளில் 10, 12 அங்குலம் வழக்கம். படகின் அடியைவிட்டு வெளியேறும் நீர் பின்பலகையைத் தாண்டியதும் சற்று மேலெழும்பும். மோட்டார் எவ்வளவு பின்னால் போகிறதோ அந்த அளவுக்கு எழும்பிய நீர் அதற்குக் கிடைக்கும். 8 முதல் 12 அங்குலம் பின்தள்ளினால் ஓர் அங்குலம் உயர்த்தலாம் என்பது தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் கைக்கணக்கு. இதற்கு விலையும் உண்டு: அத்தனை எடை பின்னால் போகும்போது அணியம் தூக்கும், சில படகுகள் ஓங்கில்போல் குதிக்கத் தொடங்கும்.

அமைக்கும் விதம்

முதலில் படகைத் தரையில், டிரெய்லர் மீது நிறுத்திச் செய்யும் வேலை. அடிப்பாகத்தின் நடுக்கோட்டை ஒட்டி ஒரு நீண்ட மட்டக்கோலைப் பின்னோக்கி நீட்டிப் பிடித்து, காற்றுத் தடுப்புத் தகடு அதற்கு இணையாக வரும்வரை மோட்டாரைச் சாய்க்க வேண்டும். பிறகு மட்டக்கோலிலிருந்து புரொப்பல்லர் தண்டின் மையம் வரை அளக்க வேண்டும். பாஸ் படகுக்கு இந்த மையம் மூன்றரை அங்குலம் கீழே இருப்பது நல்ல தொடக்கம். சாதாரண மீன்பிடிப் படகுக்குத் தகடு அடிப்பாகத்தின் மட்டத்திலோ ஓர் அங்குலம் மேலேயோ இருந்தால் போதும்.

மோட்டாரைக் கடைசி எல்லைவரை ஏற்றி, இறக்கி, இருபக்கமும் திருப்பிப் பார்ப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்டியரிங் குழாய், எரிபொருள் குழாய், கியர் கேபிள் எல்லாம் பழைய இடத்துக்கு அளவெடுத்து வெட்டியவை. பத்து அங்குலம் பின்னால் போன மோட்டார் முழுதாகத் திரும்பும்போது ஒரு கேபிள் வீணைத் தந்தியாக இறுகி நின்றால், தண்ணீருக்குப் போகவே கூடாது.

அடுத்தது தண்ணீரில். வழக்கமாக ஏற்றும் ஆள், சாமான், எரிபொருளோடு முழு வேகத்தில் ஓட்டி மூன்று எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்: எஞ்சின் சுழற்சி, ஜிபிஎஸ் வேகம், குளிர்நீர் அழுத்தம். காற்றையும் நீரோட்டத்தையும் கழிக்க, எதிர்த்திசையிலும் ஒருமுறை. பிறகு கால் அங்குலம் உயர்த்தி மறுபடி. ஒரு முறைக்கு ஒரு மாற்றம்தான். புரொப்பல்லரையும் உயரத்தையும் சேர்த்து மாற்றியவர் எதனால் என்ன நடந்தது என்று கடைசிவரை அறிய மாட்டார்.

புரொப்பல்லர் எவ்வளவு வழுக்குகிறது என்பதைக் கணக்கிடலாம். 25 அங்குல பிட்ச் (வழுக்காவிட்டால் புரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்), 1.75 கியர் விகிதம், நிமிடத்துக்கு 5,800 சுழற்சி என்று வைத்துக்கொண்டால், வழுக்கலே இல்லாத படகு மணிக்கு 126 கிலோமீட்டரில் போக வேண்டும். ஜிபிஎஸ் 113 காட்டினால் வழுக்கல் சுமார் 10 சதவீதம், மோசமில்லை. உயர்த்தும்போது வேகமும் சுழற்சியும் சேர்ந்து கூடினால் இன்னும் இடம் இருக்கிறது. சுழற்சி மட்டும் கூடி வேகம் நின்றுவிட்டால் எல்லையைத் தாண்டியாயிற்று. கால் அங்குலம் இறக்கிவிட வேண்டும். வளைவில் பிடி நழுவுவதும், நின்ற இடத்திலிருந்து கிளம்பத் திணறுவதும் அதே எச்சரிக்கைதான். விளிம்பு மடித்த நான்கிறக்கை எஃகு புரொப்பல்லர், மூன்றிறக்கை அலுமினியத்தைவிட அதிக உயரம் தாங்கும்.

மூன்று எண்களில் எதை அலட்சியப்படுத்தினாலும் குளிர்நீர் அழுத்தத்தை அலட்சியப்படுத்தக் கூடாது. மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர், கியர் பெட்டியிலுள்ள சிறு துளைகள் வழியாகத்தான் உள்ளே போகிறது. அதை இழுப்பது ஒரு ரப்பர் இம்பெல்லர். துளைகள் நீர்மட்டத்தை நெருங்கினால் முதலில் காற்று வாங்குவது இதுதான். 15 பி.எஸ்.ஐ. காட்டிய முள் 5-க்கு விழும்போது படகு இன்னும் வேகமாகத்தான் போய்க்கொண்டிருக்கும். அந்த வேகத்தில் மயங்கி எஞ்சினைத் தீய்த்தவர்கள் உண்டு. கோவைக் குளங்களைப்போல் ஆகாயத்தாமரை படர்ந்த நீரில் உயரம் சரியாக இருந்தாலும் துளை அடைத்து இதே நிலை வரும். முதல் ஓட்டம் முடிந்து கரைக்கு வந்ததும் எல்லா போல்ட்டுகளையும் மீண்டும் ஒரு சுற்று முடுக்கிப் பார்ப்பது கட்டாயம்.

தமிழகக் கரையில்

உயர்த்தி இறக்கும் உந்துவிசை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. இங்கே அதற்குக் காரணம் வேகம் அல்ல, மணல். துறைமுகம் இல்லாத கரையில் அலையை உடைத்துக்கொண்டு வந்து மணலில் ஏறும் படகுக்கு, அடியில் நீட்டிய புரொப்பல்லர் தரைதட்டி நொறுங்கும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979 முதல் சென்னையை மையமாகக் கொண்டு இயங்கியது. அது கரையேறும் ஃபைபர் படகுகளை வடிவமைத்தபோது, டீசல் எஞ்சின், தண்டு, புரொப்பல்லர் அனைத்தும் ஒரே அச்சில் சாய்ந்து மேலெழும் அமைப்பைச் செய்தது. ‘பாப் டிரைவ்’ என்று அதற்குப் பெயர்.

வால் நீண்ட எஞ்சின் அதைவிட எளிது. எஞ்சின் படகின் மேலே ஒரு முளையில் உட்கார்ந்திருக்கும். கைப்பிடியை அழுத்தினால் நீண்ட தண்டின் நுனியிலுள்ள புரொப்பல்லர் மேலே வரும், விட்டால் இறங்கும். அலைக்கு அலை உயரத்தைச் சரிசெய்வது ஓட்டுபவரின் கை. ஹைட்ராலிக், பொத்தான், மீட்டர் எதுவும் இல்லை.

உள்நாட்டு நீர்த்தேக்கங்களில் ஆபத்து வேறு. மேட்டூரில் நீர்மட்டம் சரிந்தால் பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். தெரியாத நாட்களில் அவை தண்ணீருக்குள்தான் நிற்கின்றன. பவானியும் மாயாறும் கூடும் இடத்தில், 1955-இல் முடிந்த பவானிசாகர் அணைக்குள், டணாய்க்கன்கோட்டை மூழ்கிக் கிடக்கிறது. இங்கே மோட்டார் படகு ஓட்டுபவருக்கு ஹைட்ராலிக் ஜாக் பிளேட்டின் பயன், மெதுவாக மேட்டைக் கடக்கும்போது புரொப்பல்லரைச் சில அங்குலம் தூக்கிக்கொள்வது. பாறைமேல் வேகமாக மோதினால் அது காப்பாற்றாது. செய்தித்தாளில் வரும் “சகதி நீங்கலாக 105 அடி” என்பது அணையின் அளவு. படகுக்குக் கீழே எவ்வளவு என்பதை அது சொல்லாது. பரிசல்காரருக்கு அந்தச் சிக்கல் இல்லை. துடுப்பை நேராக இறக்கினால், தட்டும் இடத்தில் தரை.