தாது வருடப் பஞ்சமும் தட்பவெப்பநிலை பற்றிய வாதமும்

தாது வருடப் பஞ்சம் என்பது 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணம், மைசூர், ஐதராபாத், பம்பாய் மாகாணத்தின் தக்காணப் பகுதி ஆகியவற்றைத் தாக்கிய பெரும் பஞ்சமாகும். தமிழ் ஆண்டான தாதுவில் தொடங்கியதால் மக்கள் வழக்கில் இப்பெயர் நிலைத்தது. இறந்தோர் எண்ணிக்கை 56 லட்சம் முதல் 96 லட்சம் வரை எனப் பலவாறு மதிப்பிடப்படுகிறது. ஒரு நாட்டின் வாழ்வையும் தாழ்வையும் அதன் தட்பவெப்பநிலை தீர்மானிக்கிறதா, அல்லது ஆட்சியும் பொருளியலும் தீர்மானிக்கின்றனவா என்ற பழைய வாதம் இப்பஞ்சத்தை ஒட்டிக் கூர்மையடைந்தது.

வெப்ப நாடுகள் பற்றிய கோட்பாடு

வெப்பம் மனிதரைச் சோம்பலுக்கும் அடிமைத்தனத்துக்கும் பழக்குகிறது என்று பிரெஞ்சு அறிஞர் மொந்தெஸ்கியூ 1748இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். ஆங்கில வரலாற்றாசிரியர் ஹென்றி தாமஸ் பக்கிள் 1857இல் இதனை இந்தியாவுக்கு நேரடியாகப் பொருத்தினார். அவர் கணக்கு எளிமையானது. வெப்ப மண்ணில் அரிசி மலிவாக விளைகிறது; மலிவான உணவால் மக்கள்தொகை பெருகுகிறது; ஆள் பெருகினால் கூலி குறைகிறது; செல்வமும் அதிகாரமும் சிலர் கையில் சேர்கின்றன. ஆனால் பஞ்சத்தில் கடுமையாக அடிபட்ட புன்செய் மாவட்டங்களில் ஏழைகளின் அன்றாட உணவு அரிசி அன்று. கேழ்வரகும் கம்பும் சோளமும்தான். இலண்டனில் நூலகத்தில் அமர்ந்து எழுதியவருக்கு இது தெரியாமல் போனதில் வியப்பில்லை. வறுமை இயற்கையின் விதி என்றால் ஆள்வோருக்குப் பொறுப்பு குறையும் என்பதால், இக்கோட்பாடு அதிகார வட்டாரத்துக்கு இதமாகவே இருந்திருக்கும்.

சூரியப் புள்ளிகள்

பஞ்சம் நடந்துகொண்டிருக்கும்போதே, 1877இல், இந்திய அரசின் புள்ளியியல் தலைவரான வில்லியம் வில்சன் ஹண்டர் தென்னிந்திய வறட்சிச் சுழற்சி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சென்னை நகரின் பல்லாண்டு மழைக் குறிப்புகளைச் சூரியப் புள்ளிகளின் 11 ஆண்டுச் சுழற்சியோடு ஒப்பிட்டு, புள்ளிகள் குறையும் காலத்தில் மழையும் குறைந்து பஞ்சம் நேர்கிறது என்றார். வானியலாளர் நார்மன் லாக்கியரும் அவருடன் சேர்ந்து இதே கருத்தை எழுதினார்.

அதே ஆண்டில் ரிச்சர்ட் ஸ்ட்ராச்சி அந்த மழைக் குறிப்புகளையே எடுத்து ஆராய்ந்து, சுழற்சி இருப்பதாகச் சொல்ல அவை போதிய சான்றாகா எனக் காட்டினார். இதே ஸ்ட்ராச்சிதான் பின்னர் பஞ்சக் கமிஷனுக்குத் தலைவரானார்.

ஒரே அதிகாரி, இரண்டு பஞ்சங்கள்

வாதத்தின் மையம் வானத்தில் இல்லை என்பதற்கு வலுவான சான்று சர் ரிச்சர்ட் டெம்பிளின் பணியில் கிடைக்கிறது. 1873–74இல் பீகாரில் மழை பொய்த்தபோது அவர் பர்மாவிலிருந்து சுமார் 4.5 லட்சம் டன் அரிசியை இறக்குமதி செய்து வழங்கச் செய்தார். பட்டினிச் சாவு ஏறக்குறைய நேரவே இல்லை. இதற்காக அவர் பாராட்டப்படவில்லை. அரசுப் பணத்தை வீணாக்கினார் என்ற கண்டனமே மிஞ்சியது.

1877இன் தொடக்கத்தில் வைசிராய் லிட்டன் பிரபு அவரையே சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இம்முறை சிக்கனமே கட்டளை. நிவாரண வேலையில் நாள் முழுதும் மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு ராத்தல் (சுமார் 450 கிராம்) தானியமும் சிறிது காசும் கூலி என டெம்பிள் நிர்ணயித்தார். பெண்களுக்கும் சிறுவர்க்கும் இன்னும் குறைவு. உழைக்கும் உடல் இதில் தாங்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ் கடுமையாக எதிர்த்தார். அவர் வற்புறுத்தலால் அதே ஆண்டில் அளவு 1.25 ராத்தலாக உயர்த்தப்பட்டு, பருப்பும் சேர்க்கப்பட்டது. அதற்குள் நிவாரண முகாம்களில் பலர் மெலிந்து மடிந்திருந்தனர்.

தானிய வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பதில் லிட்டன் உறுதியாக நின்றார். தானியம் வாங்கி இருப்பு வைக்க முயன்ற சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் அரசை இந்திய அரசு கண்டித்தது. பஞ்ச காலத்தில் இந்தியாவிலிருந்து சுமார் 3.2 லட்சம் டன் கோதுமை இங்கிலாந்துக்கு ஏற்றுமதியானது. விக்டோரியா இந்தியப் பேரரசியாக அறிவிக்கப்பட்ட தில்லி தர்பார் நடந்தது 1877 சனவரி 1 அன்று என்பதையும் இங்கே நினைவுகூரலாம். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி இப்பஞ்சத்தின் நிவாரண வேலையாகத்தான் வெட்டப்பட்டது. பெயர் மட்டும் பக்கிங்காமுக்குக் கிடைத்தது.

கமிஷனும் தேசியவாதிகளும்

1880இல் அறிக்கை அளித்த பஞ்சக் கமிஷன் ஒரு முக்கியமான செய்தியை ஒப்புக்கொண்டது. மழை பொய்த்தால் முதலில் நிற்பது வயல்வேலை. வேலையும் கூலியும் இழந்தவர்கள் உணவு வாங்க வழியின்றிப் பட்டினி கிடக்கின்றனர். ஊரில் தானியம் இருந்தும் வாங்கக் காசில்லாதவரே பெரும்பாலும் இறந்தனர் என்பதே இதன் பொருள். கமிஷனின் பரிந்துரைகளிலிருந்து பஞ்சச் சட்டத்தொகுப்புகள் உருவாயின.

தாதாபாய் நவரோஜி 1876இலேயே இந்திய வறுமை பற்றிய தம் கட்டுரையில், நாட்டின் செல்வம் ஆண்டுதோறும் வெளியே வடிவதைக் காரணமாகச் சுட்டினார். ரொமேஷ் சந்தர் தத் 1900இல் கர்சன் பிரபுவுக்கு எழுதிய பகிரங்கக் கடிதங்களில் நிலவரியின் சுமையை முன்வைத்தார். பஞ்சத்துக்கு உடனடிக் காரணம் மழை பொய்ப்பதே என்பதைத் தத் மறுக்கவில்லை. ஒரு விளைச்சல் தவறினால் அடுத்ததுவரை தாங்கும் சேமிப்பு உழவனிடம் ஏன் இல்லை என்பதே அவர் கேள்வி.

பிற்கால ஆய்வுகள்

1904இல் இந்திய வானிலைத் துறையின் தலைமையை ஏற்ற கில்பர்ட் வாக்கர், பசிபிக் பகுதியிலும் இந்தியப் பெருங்கடல் பகுதியிலும் காற்றழுத்தம் எதிரெதிராக ஏறி இறங்குவதைக் கண்டறிந்தார். இது எல் நினோ எனும் கடல் வெப்பமாதலோடு இணைந்தது என்பது 1960களில் விளங்கியது. 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 1877–78இன் எல் நினோ பதிவுகளில் மிக வலியவற்றுள் ஒன்று என்றும், இந்தியப் பெருங்கடலின் வெப்பநிலை வேறுபாடும் அவ்வேளையில் அசாதாரணமாக இருந்தது என்றும் காட்டியது. வட சீனாவிலும் பிரேசிலின் வடகிழக்கிலும் அதே ஆண்டுகளில் வறண்டு மக்கள் பெருமளவில் மடிந்தனர். ஆகவே வறட்சி கற்பனையன்று. ஆட்சியாளர் அதனைப் பெரிதுபடுத்தினர் என்று சொல்லவும் இடமில்லை.

ஆயினும் வறட்சியின் அளவு சாவின் அளவாகிவிடாது. வரலாற்றாசிரியர் மைக் டேவிஸ் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டி, உலகச் சந்தையோடு வலிந்து பிணைக்கப்பட்ட ஏழை உழவர்களே எல் நினோவுக்குப் பலியாயினர் என வாதிட்டார். பீகாரின் வறட்சியைத் தென்னகத்தின் நீண்ட வறட்சியோடு சமமாக வைக்க முடியாது என்ற மறுப்பும் உண்டு. அதில் நியாயம் இருந்தாலும், ஒரு ராத்தல் கூலிக்கு அது விளக்கமாகாது.

ஒரே மாகாணத்துக்குள்ளும் விதி ஒன்றாக இல்லை. காவிரிப் பாசனம் பெற்ற தஞ்சாவூர் மாவட்டத்தில் 1871க்கும் 1881க்கும் இடையே மக்கள்தொகை கூடியது. கிணற்றையும் ஏரியையும் வானத்தையும் நம்பியிருந்த சேலம் மாவட்டத்தில் அது சுமார் 19.7 லட்சத்திலிருந்து 16 லட்சமாகச் சரிந்தது. இறந்தவர்களோடு, பிழைப்புத் தேடி இலங்கையின் தோட்டங்களுக்கும் பிற ஊர்களுக்கும் போனவர்களும் இக்குறைவில் அடங்குவர். சேலம் 1871ஆம் ஆண்டின் எண்ணிக்கையை ஏறக்குறைய மீண்டும் எட்டியது 1891 கணக்கெடுப்பில்தான்.