வெயிலை மருந்தாக்கிய விதை

ஆடுதுறைக்கு அருகே, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது சூரியனார் கோயில். முதலாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்த இதைக் கல்வெட்டு 'குலோத்துங்க சோழ மார்த்தாண்டாலயம்' என்கிறது. தலபுராணம் சொல்வது ஒரு தோல்நோய்க் கதை. காலவ முனிவரைத் தொழுநோயிலிருந்து விடுவித்த நவகிரகங்கள், பிரம்மனின் சாபத்தால் அந்நோயைத் தாமே ஏற்றன. இங்கிருந்த வெள்ளெருக்கங்காட்டில், எருக்க இலையில் தயிர்சோறு உண்டு நோன்பிருந்து தேறின.

வேண்டுதலோடு வைத்தியமும் இருந்தது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போகரிசி, குளியல் பொடியில் சேரும் சிறு கருவிதை. அதை அரைத்துப் பூசி, வெண்புள்ளி விழுந்த இடத்தை வெயிலில் காட்டுவது இந்திய மருத்துவத்தின் பழைய முறை. தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி, தன்வந்திரி மகாலில் இத்தகைய மருந்து முறைகளைச் சோதித்துத் தொகுக்கச் செய்தார். அவற்றைச் சரசுவதி மகால் நூலகம் 'சரபேந்திர வைத்திய முறைகள்' என்று நோய்வாரியாகப் பதிப்பித்தது. விரணத்துக்கும் கரப்பானுக்கும் அதில் இடமுண்டு.

பூசிய பிறகு வெயில் எதற்கு? விடை 20ஆம் நூற்றாண்டில் கிடைத்தது. கார்போகரிசியில் உள்ள சோரலென் என்ற பொருள், புறஊதா ஒளி பட்டால்தான் தோலில் வேலை செய்யும். அதை 1930களில் இந்திய வேதியியலாளர்கள் பிரித்தெடுத்தார்கள். 1940களில் எகிப்தில் எல் மொஃப்தி என்ற மருத்துவர், நைல் கரைச் செடியொன்றில் கிடைத்த அதே இனப் பொருளை வெண்புள்ளிக்குக் கொடுத்துப் பார்த்தார். 1974இல் அமெரிக்காவில் ஜான் பேரிஷ், தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் குழுவினர் அந்த மருந்தையும் புறஊதா விளக்கையும் சேர்த்துக் காளாஞ்சகப்படைக்குச் சிகிச்சை தந்தார்கள். 'புவா' என்று தோல் மருத்துவர்கள் இன்றும் சொல்வது அதைத்தான்.

முகப்பருவின் சிவப்புக்கு ஒளி வந்து சேர்ந்ததும் இதே பேரிஷ் வழியாகத்தான்.

பரு ஆறிய பிறகும் அந்த இடத்து நுண்ணிய இரத்தக்குழாய்கள் விரிந்தபடியே இருப்பதால் சிவப்பு நிற்கிறது. 1960இல் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரவைத்த சில ஆண்டுகளிலேயே லியான் கோல்ட்மன் அதைத் தோலில் சோதித்தார். ஆனால் பின்னால் வந்த ஆர்கான் லேசரின் சூடு குழாயைத் தாண்டிப் பரவித் தழும்பை விட்டுச்சென்றது. 1983இல் ராக்ஸ் ஆண்டர்சனும் பேரிஷும் வழி கண்டார்கள். இரத்தம் அதிகம் உறிஞ்சும் அலைநீளத்தைத் தேர்ந்துகொண்டு, குழாயின் சூடு ஆறுவதற்குள் முடிந்துவிடும் துடிப்பாக ஒளியைச் செலுத்த வேண்டும். மடையை நொடியில் திறந்து மூடினால் நீர் அந்த ஒரு பாத்தியோடு நிற்பதுபோல, சூடு குழாய்க்குள்ளேயே அடங்கும். குழந்தைகளின் பிறவிச் செம்மச்சத்துக்காக உருவான சாய லேசர் இப்படி வந்ததுதான். 585, 595 நானோமீட்டர் ஒளி தரும் அது பிறகு பருச் சிவப்புக்கும் பயன்பட்டது.

இந்த வரலாற்றில் காவிரி டெல்டாவின் முகத்துக்கு இடம் தாமதமாகத்தான் கிடைத்தது. புவா சிகிச்சைக்கு ஒளியளவு குறிக்க 1975இல் ஃபிட்ஸ்பேட்ரிக் தோல்வகைப் பட்டியல் வகுத்தபோது வெள்ளைத் தோலை மட்டுமே கணக்கில் கொண்டார். பழுப்பும் கறுப்பும் பின்னர்தான் சேர்ந்தன. விதையை மருந்தாக அறிந்திருந்த மண்ணின் தோல் அளவுகோலில் இல்லாதது சிறு குறையல்ல. இரத்தம் உறிஞ்சும் அதே ஒளியை மெலனினும் உறிஞ்சும். வெள்ளைத் தோலுக்கு வகுத்த ஆற்றலை மாநிறத்தில் அப்படியே செலுத்தினால் சிவப்பு போகும் இடத்தில் கரும்படலமோ கொப்புளமோ வரலாம்.

அதனால் இந்தியத் தோலுக்கு ஆற்றலைக் குறைத்து, தோலைக் குளிர்வித்து, தாடையோரம் ஓரிடத்தில் சோதித்துப் பார்த்துச் செய்யும் வழக்கம் உருவாகியிருக்கிறது. மெலனின் குறைவாக உறிஞ்சும் 1064 நானோமீட்டர் லேசரையும் கையாளுகிறார்கள். பருச் சிவப்பு பலருக்குச் சில மாதங்களில் தானே மங்கும் என்பதால் அவசரமும் தேவையில்லை. குறுவை நடவுக்கு வயலில் நின்று கறுத்த முகத்தோடு ஒரு பெண் வந்தால், அந்தக் கருமை தணியும்வரை லேசரைத் தள்ளிவைத்து, பருவுக்கும் வெயில் காப்புக்கும் மட்டும் மருந்து எழுதுவதே சரியான மருத்துவம்.