முகச்சுளிப்பு

முகச்சுளிப்பு என்பது சினத்தையோ பிடிக்காமையையோ வாய் திறவாமல் முகத்தால் காட்டிவிடுவது. தமிழில் இதற்கான சொற்கள் பெரும்பாலும் முகத்தின் ஏதேனும் ஓர் உறுப்பைப் பற்றிக்கொண்டு பிறந்தவை. கண் சிவக்கும், புருவம் நெரியும், பல் நறநறக்கும், உதடு பிதுங்கும், முகம் கறுக்கும், திரியும், கோணும், கடுகடுக்கும். இச்சொற்களின் வரலாற்றைத் தொடர்ந்து போனால் அரசலாறு கடலில் கலக்கும் காரைக்காலில் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும். பார்த்தவர் அஞ்சி ஓடும் முகத்தை வேண்டிப் பெற்ற ஒரு பெண்ணின் ஊர் அது.

தொல்காப்பியத்தின் உரியியல் கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களுக்கும் வெகுளி என்ற பொருளையே முதலில் கூறுகிறது. அவை நிறத்தையும் உணர்த்தும் என்பது அடுத்த நூற்பாவில்தான் வருகிறது. “அவர் முகம் கறுக்கும்படி நடந்துகொள்ளாதே” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லும்போது அந்தப் பழம்பொருள் இன்னும் புழங்குகிறது. மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் வெகுளியையும் இளிவரல் என்னும் இழிவுணர்வையும் தனித்தனியே வைத்திருப்பது கூர்மையான பகுப்பு. உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்ற நான்கும் வெகுளிக்குக் காரணங்கள். மூப்பும் பிணியும் வருத்தமும் மென்மையும் இளிவரலுக்குக் காரணங்கள்.

காரணங்களை இலக்கணம் சொல்லிவிட்டது. முகம் எப்படி இருக்கும் என்பதைக் கூத்து நூல்கள் சொல்லின. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார், வெகுண்டவனை நடித்துக் காட்டும் முறையையும் தருகிறார். மடித்த வாய், துடிக்கும் புருவம், சுட்டும் விரல் என்று அது நீளும். உ.வே. சாமிநாதையர் 1892இல் அச்சேற்றிய இவ்வுரை இல்லையென்றால், பழைய கூத்தர் சினத்தை முகத்தில் எப்படி ஏற்றினார்கள் என்பதில் பெரும்பகுதி நமக்குக் கிடைத்திராது.

புருவத்தை மட்டும் வைத்துச் சினத்தை முடிவுசெய்யக் கூடாது. சார்லஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில், கடினமான ஒன்றை எண்ணும்போதும் கூசும் ஒளியில் தொலைவைப் பார்க்கும்போதும் புருவம் நெரியும் என்று விளக்கினார். உச்சிவெயிலில் கடலைப் பார்த்து நிற்கும் காரைக்கால் மீனவரின் நெற்றிச் சுருக்கத்தில் கோபம் இல்லை.

திருக்குறள் முகச்சுளிப்பை ஒழுக்கத்தோடு சேர்க்கிறது. முகம் திரிந்து நோக்கினாலே விருந்தினர் வாடிப்போவர் என்பது 90ஆம் குறள். வெருவந்த செய்யாமை அதிகாரத்தின் 565ஆம் குறள் இன்னும் கடுமையானது. காண்பதற்கு அரியவனாய், ‘இன்னா முகம்’ கொண்டவனாய் இருப்பவனின் பெருஞ்செல்வம் பேய் கண்ட செல்வம் போன்றது என்கிறது. கடுகடுத்த முகத்துக்கும் பேய்க்கும் வள்ளுவர் போட்ட முடிச்சு அது.

அந்த முடிச்சைக் காரைக்கால் அம்மையார் வேறு விதமாக அவிழ்த்தார். வணிகர் குலத்தில் புனிதவதியாராகப் பிறந்த அவருடைய கதையைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் விரிவாகப் பாடினார். மனைவி இறைவனை வேண்ட மாங்கனி கைக்கு வந்த அற்புதத்தைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன் பிரிந்து போய்ப் பாண்டிநாட்டில் வேறு மணம் செய்துகொள்கிறான். பின்பு தேடிவந்த மனைவியின் காலில் விழுகிறான். அதன்பின் அவர் உடலின் அழகை உதறிப் பேய்வடிவு வேண்டிப் பெறுகிறார். வழியில் கண்டவர் மிரண்டு ஓடுகிறார்கள். இறைவன் தன்னை அறிந்தால் போதும், மற்றவர் கண்ணுக்கு எவ்வுருவாய்த் தெரிந்தால் என்ன என்று அவர் நடக்கிறார். கயிலையில் சிவன் அவரை ‘அம்மை’ என்று அழைக்கிறான்.

அம்மையாரே பாடிய திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகம் பேயின் முகத்தை உறுப்பு உறுப்பாக எழுதுகிறது. குழிந்த கண், வெண்பல், சிவந்த தலைமயிர், நீண்டு வெளிவந்த இரு பற்கள் என எதையும் அவர் மென்மையாக்கவில்லை. முறைக்கும் முகத்தின் அடையாளங்களாக மரபு வைத்திருந்தவற்றை அப்படியே எடுத்து, ஆடும் இறைவனின் அருகில் நிறுத்தினார். சினத்தின் சொற்களை அன்பின் பக்கம் திருப்பியதில் அவருக்கு நிகராக யாரையும் சொல்லத் தோன்றவில்லை. சிற்பிகளும் அதை உணர்ந்திருக்கிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லானின் காலடியில் அம்மையார் எலும்பும் தோலுமாய் அமர்ந்திருக்கிறார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள பதின்மூன்றாம் நூற்றாண்டுச் செப்புத்திருமேனியிலும் அதே ஒட்டிய உடல்தான். நாயன்மார் அறுபத்துமூவர் வரிசையில் அமர்ந்த கோலம் அவருக்கே உரியது. காரைக்காலில் ஆனிப் பௌர்ணமியன்று மாடிகளிலிருந்து மாம்பழம் இறைக்கும் மாங்கனித் திருவிழா அவர் பெயரில்தான் நடக்கிறது.

1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய் 1954இல் இந்தியாவோடு இணைந்த ஊர் காரைக்கால். ஆட்சி வேறாக இருந்தாலும் வீட்டுப் பேச்சு சுற்றியுள்ள காவிரிப் படுகையின் தமிழ்தான். அதில் முகக்கோபத்துக்கு அளவுகள் உண்டு. ‘முறைப்பது’ கண்ணோடு முடியும்; எதிரில் ஆள் வேண்டும். ‘உர்ரென்று’ இருப்பதற்கு ஆள் வேண்டியதில்லை. ‘மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது’ நாள்கணக்கில் நீளும். சமாதானம் செய்ய யாராவது வர வேண்டும். எள்ளும் கொள்ளும் வெடிக்கும் முகத்தின் அருகே அந்நேரம் யாரும் போகமாட்டார்கள். இயல்பே அப்படியென்றால் சிடுமூஞ்சி. பேசாமலே இருந்தால் உம்மணாமூஞ்சி.

சினம் இல்லாத மறுப்புக்குத் தனிச் சொற்கள். விலை கேட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். குழந்தைகள் ‘அழகு காட்டும்’. கேலியாக முகத்தைக் கோணிக் காட்டுவதற்குத்தான் அந்தப் பெயர். பக்கத்து வீட்டுப் பெருமையைக் கேட்கும் பெண் கழுத்தை வெட்டென்று திருப்பி, முகவாய்க்கட்டையைத் தோளில் இடித்துக்கொள்வாள். ‘நொடித்துக்கொண்டாள்’ என்பார்கள். பொறாமை, அலட்சியம், நம்பாமை மூன்றும் அந்த ஒரு வெட்டில் சேர்ந்திருக்கும்; எது எவ்வளவு என்பது எதிரில் நிற்பவருக்குத் தெரியும்.